பத்து நிமிஷத்தில் நின்றுபோகும் 135: காற்றைத் தேடினால் கிடைத்தது கசடு

மலேசியாவின் பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில், செம்பனைத் தோட்டத்தில் டிரெய்லர் இழுத்த மாசே பெர்கூசன் 135 டிராக்டர் இப்போது இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடுகிறது. பெருநிலத்து வயல் ஓரத்தில் கூடப்போகும் பழைய வண்டிக் கூட்டத்துக்கு இதை லோரியில் ஏற்றிப் போவதாக இல்லை. தன் சக்கரத்தில்தான் போக வேண்டும்.

கோளாறு இதுதான். சாவி திருப்பினால் உடனே பிடிக்கும், பத்து நிமிஷம் சீராக ஓடும், பிறகு விக்கி விக்கி நின்றுவிடும். கால் மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி கிளம்பும். பார்த்தவர்கள் அத்தனை பேரும் "காத்து பிடிச்சிருக்கு, பிளீட் பண்ணு" என்றார்கள், அதாவது டீசல் பாதையில் சிக்கிய காற்றை வெளியேற்றச் சொன்னார்கள். ஐந்து முறை பிளீட் செய்தும் பயனில்லை.

நின்றபின் தானே கிளம்புகிறது என்பதிலேயே விடை இருந்தது. காற்று நுழைந்து நின்ற டீசல் வண்டி பெரும்பாலும் பிளீட் செய்யாமல் கிளம்பாது. ஆறவிட்டால் கிளம்புகிறது என்றால் டீசல் வரத்து சுருங்கி, ஓய்வில் மெல்ல ஊறுகிறது. 135-இல் டாங்கி எஞ்சினுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. டாங்கியிலிருந்து டீசலை ஃபில்டருக்குத் தள்ளும் லிஃப்ட் பம்ப் வரை டீசல் தன் எடையிலேயே இறங்கும். அந்தப் பாதையில் எங்கே இளகியிருந்தாலும் வெளியே சொட்டும், காற்று உள்ளே போகாது. மேலே அடைத்துக்கொண்டால்தான் பம்ப் இழுத்து உறிஞ்சும், அப்போது தளர்ந்த கேஸ்கட் எதுவானாலும் காற்றை விடும்.

முதலில் டாங்கி மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பார்க்க வேண்டும். மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இதே அறிகுறிதான். தளர்த்தியும் நின்றது, ஆக மூடி குற்றவாளி இல்லை. அடுத்து லிஃப்ட் பம்புக்கு வரும் குழாயைக் கழற்றி, டாங்கி டேப்பைத் திறந்து ஒரு பாட்டிலில் பிடிப்பது. பென்சில் பருமனுக்கு ஓட வேண்டும். நிறைய பேர் இரண்டு விநாடி பார்த்துவிட்டு "நல்லாத்தான் வருது" என்று மூடிவிடுகிறார்கள். குறைந்தது இரண்டு லிட்டராவது பிடியுங்கள். இதில் அரை லிட்டர் வரை நன்றாக ஓடி, பிறகு நூலாகி, சொட்டாகி நின்றது. ஓட்டத்தோடு மிதந்து வரும் கசடு டேப்பின் வலையில் போய் அப்பிக்கொள்கிறது. ஓட்டம் நின்றதும் உதிர்ந்துவிடுகிறது.

டாங்கியை இறக்கியபோது அடியில் துருச்செதில், அதன்மேல் கூழ் மாதிரி கறுப்புக் கசடு. டீசலுக்கு அடியில் தேங்கும் தண்ணீரில் பூஞ்சை வளரும், நம் ஊர்ப் புழுக்கம் அதற்குச் சொர்க்கம். 2019 பிப்ரவரியில் இங்கே வாகன டீசல் பி10 ஆனது, அதாவது 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எஸ்டர். இந்த எஸ்டர் வெறும் டீசலைவிட அதிகமாக ஈரம் பிடிக்கும், பழைய டாங்கியில் ஒட்டிக் கிடக்கும் அழுக்கையும் கரைத்துக் கிளப்பிவிடும். நிறுத்தி வைக்கும் வண்டியில் டாங்கியை நிரப்பி வைப்பது நல்லது. வெற்றிடம் இருந்தால் அதில் வியர்க்கும்.

சுத்தம் செய்ய: டேப்பைக் கழற்றி ஓட்டையை அடைத்து, 10 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ சிட்ரிக் அமிலம், ஒரு நாள் ஊறல். கேக் சாமான் கடையில் கிடைக்கும். ஸ்டெயின்லெஸ் நட்டுகளைப் போட்டுக் குலுக்கலாம், ஆனால் எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். சோடா உப்புத் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, காய்ந்த கையோடு டீசல் ஊற்றிச் சுழற்ற வேண்டும். தாமதித்தால் மாலைக்குள் மறுபடி செந்துரு. உள்ளே பூசும் சீலர் வேண்டவே வேண்டாம். உரிந்தால் அதுவே அடுத்த அடைப்பு.

இத்தனைக்கும் பிறகு ஒரு சின்னக் கசிவு மிச்சமிருந்தது, சி.ஏ.வி. 296 டீசல் ஃபில்டரில். மேல் தலையின் பள்ளத்தில் பழைய ரப்பர் வளையம் கிடந்தது, அதன்மேல் யாரோ புதியதைப் போட்டிருக்கிறார்கள். பழையது அழுக்கேறி தலையின் நிறத்திலேயே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மூங்கில் குச்சியால் பள்ளத்தைச் சுற்றிக் கீறிப் பாருங்கள், இரும்பு முனை வேண்டாம். மேலே ஒன்று, கீழ்க் கிண்ணத்தில் ஒன்று, நடு போல்ட்டுக்குச் சின்னது ஒன்று. மூன்றையும் டீசலில் நனைத்துப் போடணும். வாங்கும்போது வைட்டன் (எரிபொருளைத் தாங்கும் ரப்பர் வகை) என்று கேட்டு வாங்குங்கள். ஒரு கடையில் கொடுத்த சாதா ரப்பர் செட் சில வாரத்திலேயே பி10-இல் ஊதிப்போனது. செம்பு வாஷரைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மிருதுவாகிவிடும், திரும்பப் போடலாம்.

பிளீட் வரிசை தெரிந்ததுதான்: ஃபில்டர் தலை, இன்ஜெக்டர்களுக்கு டீசலை அனுப்பும் டி.பி.ஏ. பம்பின் பக்கவாட்டுத் திருகு, அதே பம்பின் கவர்னர் (வேகக் கட்டுப்பாடு) மேல் திருகு, கடைசியில் இன்ஜெக்டர் நட்டு இரண்டு. இன்ஜெக்டருக்கு வரும்போது ஆக்ஸிலேட்டர் முழுக்கத் திறந்திருக்கணும், நிறுத்தும் இழுவை உள்ளே இருக்கணும். இரண்டு இடத்தில் தடுக்கும். லிஃப்ட் பம்பின் கை லிவர் தொளதொளவென்று ஆடினால் பம்ப் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். கேம் உச்சியில் நிற்கிறது, எஞ்சினை ஒரு சுற்றுத் திருப்பினால் பிடிப்பு வரும். டி.பி.ஏ. பம்பின் பக்கவாட்டில் பெரிய போல்ட்டின் நடுவே இருக்கும் சின்னத் திருகுதான் காற்றுக்கானது. பெரியதைத் திருப்பினால் பம்ப் தலையே ஒழுகத் தொடங்கும். இஞ்சு ஸ்பேனரையே எடுங்கள். அரை இஞ்சு நட்டில் 13 மி.மீ. ஏறும், ஆனால் முனையைத் தின்றுவிடும்.

சாமானுக்குக் கவலை இல்லை. 135 தயாரிப்பு 1975-இல் நின்றாலும் அதே மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சின் குடும்பத்தை லாகூரில் மில்லட் நிறுவனம் தொடர்ந்தது. சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே நிறுவனம் மாசே வகையைச் செய்கிறது. சீல், ஃபில்டர், லைனர் இரண்டு பக்கமிருந்தும் வருகின்றன. இந்திய சாமானில் பொருத்தம் நன்று, போல்ட் மட்டும் பழையதையே கழுவிப் போடுவது உத்தமம்.

வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.012 இஞ்சு வைத்தாகிவிட்டது. டயர் வெடிப்பு இன்னும் பார்க்கவில்லை. சிவப்புப் பெயிண்டை இப்போதே வாங்கி வைத்தது அவசரம்தான், ஏனென்றால் ஹைட்ராலிக் லிஃப்ட் கலப்பையைத் தூக்குகிறது, எஞ்சினை நிறுத்தினால் சற்று நேரத்தில் தரைக்கு இறக்கிவிடுகிறது. அடுத்த சனிக்கிழமை எடையைத் தூக்கி நிறுத்தி, ஓரத்து மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து எண்ணெய் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கணும். லிஃப்டின் சிலிண்டர் பக்கம் என்றால் பிஸ்டன் வளையம். வால்வு பக்கம் என்றால் பெயிண்ட் டப்பா அடுத்த ஆண்டுதான் திறக்கும்.