பத்தாயிரம் தாலந்தும் நூறு வெள்ளிப்பணமும்

மார்ச் 2
மத்தேயு 7 வாசித்தேன். "மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்." மாட்டிக்கொண்டவர்களுக்கு ரொம்பப் பிடித்த வசனம் இது. யாராவது தட்டிக்கேட்டால் உடனே எடுத்து நீட்டிவிடுவார்கள். ஐந்தாம் வசனம்வரை வாசித்தால் அந்த வசதி போய்விடும். முதலில் உன் கண்ணிலிருக்கும் உத்திரத்தை எடு, அப்புறம் சகோதரன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்கலாம் என்கிறார் இயேசு. துரும்பு அங்கேயே கிடக்கட்டும் என்று அவர் சொல்லவில்லை. அதே அதிகாரம் 15-ஆம் வசனத்தில் கள்ளத் தீர்க்கதரிசிகளைக் குறித்து எச்சரிக்கையாயிருக்கவும் சொல்கிறார். நல்லது கெட்டது பார்க்காமல் எப்படி எச்சரிக்கையாக இருப்பது?

மார்ச் 3
யோவான் 8. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் சம்பவம் மிகப் பழைய கிரேக்கப் பிரதிகள் பலவற்றில் இல்லை. இருந்தாலும் திருச்சபை அதை விட மனமில்லாமல் வைத்துக்கொண்டது, நல்லவேளை. "உங்களில் பாவமில்லாதவன் முதல் கல்லை எறியட்டும்" என்று இயேசு சொன்னதும், குற்றஞ்சாட்டியவர்களில் முதலில் இடத்தைக் காலி செய்தது பெரியவர்கள். வயது ஏற ஏறச் சொந்தக் கணக்கும் ஏறியிருக்கும்தானே.

மார்ச் 6
ஏழு தரம் மன்னித்தால் போதுமா என்று பேதுரு கேட்டதற்கு வந்த பதில்தான் மத்தேயு 18-இன் கடன் உவமை. இன்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. முதல் ஊழியன் தன் ராஜாவிடம் பட்ட கடன் 10,000 தாலந்து, அதாவது 6 கோடி நாள் கூலி. ஏரோது அந்திப்பாவின் ஆண்டு வருமானமே 200 தாலந்துதான் என்று யோசேபஸ் என்ற யூத வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். ஒரு சிற்றரசனின் 50 வருஷ வருமானம்! "என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்று அந்த ஊழியன் கெஞ்சியதெல்லாம் நடக்கிற காரியமா? ராஜாவுக்கும் அது தெரியும். கடன் முழுவதையும் தள்ளுபடி செய்துவிட்டார்.

வெளியே வந்தவன் தனக்கு 100 வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன் ஊழியனின் தொண்டையை நெரிக்கிறான். அந்தத் தொகை அற்பம் என்றுதான் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். எனக்கு அதில் சம்மதமில்லை. மூன்று நான்கு மாதக் கூலியை இழந்த எவனுக்கும் வயிறு எரியத்தான் செய்யும். நமக்குப் பிறர் செய்த தீங்கு சின்னது என்று இயேசு எங்கும் சொல்லவில்லை. பட்டது பட்டதுதான். அதை எந்தக் கடனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம் என்பதுதான் கேள்வி. அந்த இரண்டாமவனும் "என்னிடத்தில் பொறுமையாயிரும்" என்றுதான் கெஞ்சுகிறான். சற்றுமுன் தன் வாயிலிருந்து வந்த அதே வார்த்தைகள், முதல் ஊழியன் காதில் ஏறவே இல்லை.

மார்ச் 7
நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் வனாந்தரத்தில் வாழ்ந்த துறவி மோசே முன்பு கொள்ளைக்காரராக இருந்தவர். தப்பு செய்த ஒரு சகோதரனை விசாரிக்கக் கூடிய சபைக்கு, ஒழுகும் பாத்திரத்தில் தண்ணீர் சுமந்துகொண்டு போனாராம். "என் பாவங்கள் பின்னால் ஒழுகிக்கொண்டு வருகின்றன, எனக்குத் தெரியவில்லை, நானா இன்னொருவனை நியாயந்தீர்ப்பது?" என்றார். சகோதரனை மன்னித்துவிட்டார்கள்.

மார்ச் 9
நண்பர் ஒருவர் கேட்டார்: அப்படியானால் அநியாயத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பதா? நியாயமான கேள்வி. அடிபட்டவரிடம் போய், வேடிக்கை பார்த்த நாம் "மன்னித்துவிடுங்கள்" என்று உபதேசம் செய்வது எனக்கும் பிடிக்காது. கடன் அவருடையது, தள்ளுபடி செய்யும் உரிமையும் அவருடையது.

உவமையில் நாம் கவனிக்காமல் தாண்டிப்போகிறவர்கள் சிலர் உண்டு. நெரிபட்டவன் காவலில் போடப்பட்டதைப் பார்த்த மற்ற ஊழியர்கள், 31-ஆம் வசனத்தில் வருகிறார்கள். மிகவும் துக்கப்படுகிறார்கள். பேசாமல் இருந்துவிடவும் இல்லை, நெரித்தவனைத் தாங்களே பிடித்து உதைக்கவும் இல்லை. ராஜாவிடம் போய் நடந்ததை நடந்தபடி சொல்கிறார்கள். நண்பருக்கு அந்த வசனத்தை அனுப்பியிருக்கிறேன்.