கோத்தகிரில இருந்து டிஹெச்ஆர் டெஸ்ட் எடுத்த அனுபவம்

சிஜிடி (பொறக்கும்போதே வர ஒரு எதிர்ப்பு சக்தி குறைபாடு) சந்தேகம்னு டாக்டர் டிஹெச்ஆர் டெஸ்ட் (வெள்ளையணு சரியா வேலை செய்யுதான்னு பாக்குற ரத்த டெஸ்ட்) எழுதிக் குடுத்துட்டாரா, மலை மேல இருக்கவங்களுக்கு உதவுமேன்னு இத எழுதுறேன். எங்க பையனுக்கு பிசிஜி (உயிருள்ள கிருமி வச்சு செய்யுற டிபி தடுப்பூசி) போட்ட கைப்பக்கம் அக்குள்ல கட்டி வந்துச்சு, அப்புறம் கழுத்துல நெறி, நிமோனியா, கடைசில ஈரல்ல சீழ். ஒவ்வொரு தடவையும் ரத்தத்துல வெள்ளையணு நிறையவே இருக்கும், இம்யூனோகுளோபுலினும் (கிருமிய எதிர்க்குற புரதம்) குறைவில்ல, அதனால எதிர்ப்பு சக்தி நல்லாத்தான் இருக்குன்னு சொல்லி அனுப்புவாங்க, நடுவுல டிபி மாத்திரை வேற ஓடுச்சு. சிஜிடில அந்த அணு கிருமிய முழுங்கும், முழுங்குனத கொல்லத்தான் முடியாது. எண்ணிப் பாத்தா இது தெரியாது, அணு வேலை செய்யுதான்னு பாக்கணும்.

அதுக்கு அணு உயிரோட லேபுக்கு போகணும். ஐஸ்ல வைக்கக் கூடாது, நேரம் ஆக ஆக ரிசல்ட் கெட்டுரும், அதனால கோயம்புத்தூர் இறங்கிப் போய்தான் ரத்தம் குடுத்தோம். சனிக்கிழமை போயிராதீங்க, லேபுக்கு முன்னாடியே போன் போட்டுக்கோங்க. ஒப்பிட்டுப் பாக்க நல்லா இருக்க ஒருத்தர் ரத்தமும் கேட்டாங்க, சொந்தக்காரங்க வேண்டாம்னுட்டாங்க. மாமனார் சட்டைக்கைய மடிச்சுட்டு வந்தாரு, பாவம், திருப்பி அனுப்பிட்டாங்க. கடைசில டாக்சி ஓட்டிட்டு வந்த அண்ணன்தான் "எனக்கு எதுக்கும்மா ஊசி"ன்னு முனகிட்டே கைய நீட்டுனாரு.

ரிப்போர்ட்ல ஒவ்வொருத்தருக்கும் ஒரு கிராஃப் இருக்கும், அணு வேலை செஞ்சா அதுல இருக்க மேடு வலது பக்கம் நகரும். டாக்சி அண்ணனோட மேடு நல்லா தள்ளிப் போயிருந்துச்சு, பையனோடது அசையவே இல்ல. எனக்கு எடுத்ததுல ரெண்டு மேடு, அதாவது கொஞ்சம் அணு வேலை செய்யுது, மீதி செய்யல, அப்படின்னா என் எக்ஸ் குரோமோசோம் வழியா பையனுக்கு வந்திருக்கு. அதுக்கு வீட்ல கேட்ட பேச்சு தனிக்கதை, விடுங்க.

இப்ப பையனுக்கு தினமும் பாக்டீரியாவுக்கு கோட்ரைமாக்சசோல், பூஞ்சைக்கு இட்ராகொனசோல் கேப்சூல், அத வயித்துல சாப்பாடு இருக்கப்பதான் போடணும். மாத்திரைய விட எனக்கு தோட்டம்தான் பயம். மக்குன இலைய, எருக்குழிய கிளறுனா பறக்குற ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை நமக்கு பொதுவா ஒன்னும் பண்ணாது, சிஜிடி இருக்கவங்களுக்கு நுரையீரல்ல புடிச்சா உயிருக்கே ஆபத்து. தேயிலை கவாத்து நடக்குறப்ப பையன என் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிடுவேன். ஸ்கூல்ல செடி நடுற வேலையும் வேண்டாம்னு மிஸ் கிட்ட சொல்லியாச்சு. எலும்பு மஜ்ஜை மாத்துறது பத்தி பேச்சு போயிட்டு இருக்கு.

தங்கச்சி இப்ப மாசமா இருக்கா, அவளுக்கும் டெஸ்ட் எடுக்கணும். பையன் பொறந்தா டிஹெச்ஆர் பாக்குற வரைக்கும் பிசிஜி போட வேண்டாம்னு டாக்டர் கிட்ட எழுதி வாங்கி அவ ஃபைல்ல வச்சிருக்கோம்.