அப்பாவின் எம்ஜிபி கார் விற்பனைக்கு

அப்பா 40 ஆண்டுகள் கண்போல் காத்த, 1971ஆம் ஆண்டில் உருவான எம்ஜிபி ரோட்ஸ்டர் காரை மனமின்றியே விற்க முன்வந்துள்ளேன். இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் பிறந்த இந்தத் திறந்த கூரைக் காரில் 1798 சிசி எஞ்சினும் பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் இரண்டு எஸ்யூ காபரேற்றர்களும் மாற்றப்படாமல் அப்படியே உள்ளன. ஓடியது 31,400 மைல் மாத்திரமே.

தனிச் சட்டகம் இல்லாத இவ்வகைக் கார்களுக்குக் கதவின் கீழுள்ள பக்கத் தகடுகளே முதுகெலும்பு என்பதால், திருகோணமலையின் உப்புக்காற்று அவற்றை அரித்துவிடாதபடி, ஒவ்வொரு மாரிக்கு முன்பும் அப்பா பாய் விரித்துக் கீழே படுத்து, தன் கையாலேயே கிறீஸ் பூசுவார். துணிக்கூரையின் பின்புறப் பிளாஸ்டிக் சாளரம் மட்டும் மஞ்சளித்துவிட்டது.

வாங்க விரும்புவோர் திருகோணமலை உவர்மலைக்கு வரும்போது காந்தத் துண்டொன்றைக் கொண்டுவந்து, தகடெங்கும் வைத்துப் பார்க்கலாம். துருவைப் பட்டி (நிரப்புப் பசை) பூசி மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது; இந்தக் காரில் அப்படி ஓர் இடம்கூட இல்லை.