ஓசூரிலிருந்து ஒரு டாக்

போன சனிக்கிழமை எங்கள் பெங்களூரு தமிழ் மீட்டப்பில், வெளியாருக்குத் திறந்துவிடும் பொது ஏபிஐ கட்டுவது பற்றி ஒரு டாக் நடந்தது. ஏபிஐ என்றால் ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமைக் கூப்பிட்டுத் தகவல் வாங்கும் வழி. ஆன்லைன் என்று சொன்னதும் குழுவில் நாலைந்து பேருக்கு மனசே இல்லை. "நேர்ல பேசற மாதிரி வருமா?" என்றார்கள். ஆனால் பேச வேண்டிய அக்கா ஓசூரில் இருக்கிறார், கைக்குழந்தை வேறு. அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு எல்லாம் தாண்டி கோரமங்களாவுக்கு வாருங்கள் என்று எப்படிக் கேட்பது?

அவரிடம் போனில் பேசியபோது ஒன்று சொன்னார்: "தம்பி, ஸ்லைடு பத்து போதும். எல்லார் கையிலயும் லேப்டாப் இருக்கும்ல? அவங்களே ஏபிஐயைக் கூப்பிட்டுப் பார்க்கட்டும்." அந்த இடத்தில்தான் எனக்கு முழுசாக நம்பிக்கை வந்தது. ஹாலில் உட்கார்ந்தால் ஒருவர் திரையை நாற்பது பேர் பார்ப்போம், வீட்டிலிருந்தால் நாற்பது திரையிலும் அதே ஏபிஐ ஓடும்.

சரி, ஒரு சின்ன டெஸ்ட் சர்வர் போட்டார், முந்தின நாளே கூப்பிடுவது யார் என்று சர்வர் தெரிந்துகொள்ள ஆளுக்கொரு கீ, அதாவது ரகசியக் குறியீடு, அனுப்பிவைத்தேன். வியாழக்கிழமை ராத்திரி ஒத்திகை. அல்சூரில் நாங்கள் மூன்று பேர் ஒரே வீட்டில், ஒரே வைஃபையில் உட்கார்ந்து கூப்பிட ஆரம்பித்தோம், ஒரு நிமிஷத்துக்குள் மூவருக்கும் 429, அதாவது அளவுக்கு மேல் கூப்பிட்டுவிட்டீர்கள் என்ற பிழை, வந்துவிட்டது. நிமிஷத்துக்கு 60 முறை என்ற வரம்பை ஆளை வைத்து இல்லாமல், இன்டர்நெட் இணைப்பை அடையாளம் காட்டும் ஐபி முகவரியை வைத்துப் போட்டிருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வைஃபைக்குள் இருக்கும் எல்லாரும் ஒரே முகவரிதான், மொபைல் நெட்வொர்க்கிலோ முன்பின் தெரியாத எத்தனையோ பேர் ஒரு முகவரியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். புரோகிராமர்கள் கோட் வைக்கும் கிட்ஹப் தளத்தின் ஏபிஐ கூட டோக்கன் (இதுவும் கீ மாதிரிதான்) இல்லாமல் வந்தால் ஐபிக்கு மணிக்கு 60 முறைதான் விடும், டோக்கனோடு வந்தால் 5,000. அன்று ராத்திரியே கீயை வைத்து எண்ணும்படி மாற்றினார், 429 கூடவே எத்தனை நொடி கழித்து வரலாம் என்று சொல்லும் ரீட்ரை-ஆஃப்டர் ஹெட்டரையும் (பதிலோடு சேர்ந்து போகும் குறிப்பு) சேர்த்தார். ஒத்திகை வைக்காமல் ஆன்லைன் டாக் நடத்தவே கூடாது என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான்.

டாக் அன்று எல்லாரையும் அசத்தியது ஒரு எண். பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் கோட் அடித்துப் பார்க்கும் கன்சோலைத் திறந்து 9007199254740993 என்று அடித்து என்டர் தட்டச் சொன்னார். கடைசி இலக்கம் 2 ஆகி வந்தது. சாட்டில் "எனக்கும் 2", "எனக்கும்" என்று மளமளவென்று விழுந்தது. ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண் இரண்டின் 53வது அடுக்கைத் தாண்டினால் எல்லா முழு எண்ணையும் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாது. அக்கா வேலை பார்த்த ஒரு ஏபிஐயில் பார்சல் எண்ணை ஜேசனில் (ஏபிஐ தகவல் அனுப்பும் ஒரு வடிவம்) வெறும் எண்ணாகவே அனுப்பியிருக்கிறார்கள், அது வளர்ந்து வளர்ந்து அந்த எல்லையைத் தாண்டியதும் வாடிக்கையாளர் திரையில் வேறு யாருடைய பார்சலோ தெரிந்திருக்கிறது. அதை ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்துத் தொடராக, மாற்றினால் ஏற்கெனவே எண் என்று நம்பி எழுதியவர்களின் கோட் உடைந்துபோகும். அதனால் பழைய பீல்டை அப்படியே விட்டு, பக்கத்தில் ஸ்ட்ரிங்காக இன்னொன்று வைத்தார்களாம். ட்விட்டரும் 2010இல் இதே காரணத்துக்காகத்தான் ஐடி பக்கத்தில் ஐடி_எஸ்டிஆர் என்று ஸ்ட்ரிங்காக இன்னொன்றை வைத்தது. "உள்ளுக்குள்ள இருக்கற ஏபிஐன்னா பக்கத்து சீட்ல சொல்லி மாத்திக்கலாம், வெளிய குடுத்துட்டா யார் வீட்ல ஓடுதுன்னே நமக்குத் தெரியாது" என்றார். இதைத் தமிழில் கேட்டபோது, வருஷக்கணக்காக இங்கிலீஷில் படித்தது அப்போதுதான் உள்ளே இறங்கியது எனக்கு.

கேள்வி நேரத்தை நான் இன்னும் நீளமாக வைத்திருக்க வேண்டும். இருபது நிமிஷம் ஒதுக்கினேன், பாதிப் பேர் மியூட்டை எடுக்கத் தயங்கியே பத்து நிமிஷம் போனது, அப்புறம் சாட்டில் வந்ததை நானே வாசித்துக் கேட்டேன். ஏபிஐயின் பழைய வெர்ஷனை எப்போது மூடலாம் என்று ஒரு தங்கை கேட்டது நல்ல கேள்வி. மூடும் தேதியை முன்கூட்டியே சொல்ல சன்செட் என்று ஒரு ஹெட்டரே இருக்கிறது, 2019இல் வந்தது, ஆனால் ஹெட்டரைப் பார்க்காதவர்களுக்கு மெயில் போட்டு, போன் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அக்கா ஆரம்பித்தபோது குழந்தை எழுந்துவிட்டது. அதற்கு மட்டும் தனியாக ஒரு மணி நேரம் பேசுவீர்களா என்று கேட்டிருக்கிறேன். குழந்தை தூங்கும் நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.