வேகவைத்த கிழங்கு இருந்தால் கவலையில்லை

பிள்ளைகள் பசியோடு வந்து நிற்கும்போது வெங்காயம் உரிக்க ஆரம்பித்தால் யாருக்கும் நிம்மதி இருக்காது. அதனால் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் வேகவைத்த உருளைக்கிழங்கு நாலைந்தாவது எப்போதும் இருக்கும்.

ஆறிய கிழங்குக்கு ஒரு நல்ல குணம் உண்டு. சூட்டோடு நறுக்கினால் குழைந்துவிடும். ஒரு ராத்திரி குளிர்ந்தால் மாவுச்சத்து இறுகி, கத்திக்கு அழகாகத் துண்டாகும். வாணலியில் எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்பி, கிளறாமல் விடுங்கள். கை பரபரக்கும், பொறுங்கள். அடிப்பக்கம் பொன்னிறமாகித் தானாகவே விட்டு வரும்போது திருப்பினால் போதும். உப்பும் மிளகுத்தூளும் கடைசியில். மேலே இரண்டு முட்டையை அடித்து ஊற்றி மூடிவைத்தால் அதுவே ராத்திரிச் சாப்பாடு. அந்த மொறுமொறு ஓரத்துக்காகவே என் சின்னவள் அக்காவோடு மல்லுக்கு நிற்பாள்.

கொண்டைக்கடலையும் அப்படித்தான். ராத்திரி ஊறவைத்து, காலையில் வேகவைத்துவிட்டால் சாயங்காலம் வெள்ளரிக்காயும் எலுமிச்சைச் சாறும் சேர்ப்பதுதான் வேலை.

மீந்த சோற்றில் மட்டும் நான் ரொம்பக் கண்டிப்பு. மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் பாசிலஸ் சீரியஸ் என்கிற பாக்டீரியா பெருகி நஞ்சு உண்டாகலாம். மறுபடி சூடாக்கினாலும் அது போகாது. ஆகவே தட்டில் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து, 5 டிகிரிக்குக் கீழே வைத்துவிடுவேன். மறுநாளே பட்டாணி, கேரட், முட்டை சேர்த்து ஆவி பறக்க வதக்கிச் சாப்பிட்டுவிடுவோம்.