இருக்கிறாவோ?

“ஆச்சி இருக்கிறாவோ?”

கனடாவிலிருந்து வந்தவர் படலையடியில் நின்று தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

“ஓம், விறாந்தையிலதான் இருக்கிறா. வாங்கோ, வந்து இருங்கோ.”

அவர் கேட்டது, உயிரோடு இருக்கிறாவா என்று. பக்கத்து வீட்டு அக்கா சொன்னது, கதிரையில் இருக்கிறா என்று. சொல் ஒன்றுதான்.

காலையில்தான் பெறாமகளுக்கு ‘எக்ஸிஸ்டென்ஸ்’ (இருத்தல்) என்ற ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடிக் கொடுத்திருந்தேன். இலத்தீனில் ‘எக்ஸ்’ என்றால் வெளியே. ‘சிஸ்டெரே’ என்றால் நிற்பது, நிறுத்துவது. ஆக, வெளியே வந்து நிற்பது, வெளிப்படுவது. பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் வந்த சொல்.

அங்கே நிற்பது. இங்கே அமர்வது.

நமக்கும் ‘நில்’லிலிருந்து ‘நிலை’ உண்டு, இல்லையென்றில்லை. ஆனாலும் உயிரோடிருப்பதற்கு ‘இரு’தான். கடையில் மிஞ்சிய சரக்கும் இருப்புத்தான்.

(சென்னையில் ஒருவர் “இருங்க” என்றதும் கதிரை தேடியவன் நான். அங்கே அதற்குக் ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று அர்த்தமாம்.)

வந்தவர் கதிரையைப் பார்க்கவேயில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, ஆச்சியின் காலடியில் வெறும் நிலத்திலேயே இருந்துவிட்டார்.

ஆச்சி கண்ணைச் சுருக்கிப் பார்த்தா.

“ஆர் மோனை?”