கமிஷன் வேலை நேர்காணல்: அந்தப் பெயர்ப் பட்டியலை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள்

முந்தாநாள் மாலை மெயில் வந்தது. மூன்றாவது முயற்சியில் இன்டர்ன்ஷிப் கிடைத்துவிட்டது. இன்சூரன்ஸும் மியூச்சுவல் ஃபண்டும் விற்கும் வேலை. நிலையான சம்பளம் கிடையாது, விற்றால் கமிஷன். முதல் இரண்டு இடங்களில் பட்டது ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஹெச்.ஆர். சுற்று, விளக்கக் கூட்டம், மேனேஜரோடு தனி நேர்காணல் என்று வரிசை உங்களுக்கே தெரியும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

முதல் இடத்தில், யாரிடமெல்லாம் விற்க முடியும் என்று தெரிந்தவர்களின் பெயரை எழுதச் சொல்லி ஒரு தாளை நீட்டினார்கள். ஐம்பது வரிகள். பெயர், உறவு, வயது, வேலை, குழந்தைகள், கடைசிக் கட்டத்தில் போன் எண். இருபது நிமிடம். நான் போனைத் திறந்து மேலிருந்து கீழாக எழுத ஆரம்பித்தேன். பதினான்காவது வரியில் கை நின்றது. அதற்கு மேல் எழுதியதெல்லாம் வருஷக்கணக்கில் பேசாதவர்கள். 31 பெயரோடு கொடுத்தேன். மேனேஜர் தாளைத் திருப்பி வைத்து, குழந்தை உள்ளவர்களுக்கு நேராக மட்டும் டிக் போட்டுக்கொண்டே போனார். அப்புறம், "இதில் ஒருவருக்கு இப்போதே போடுங்கள், ஸ்பீக்கரில்" என்றார்.

சித்திக்குப் போட்டேன். "என்ன கண்ணு, திடீர்னு இந்த நேரத்துல?" என்று பதறினார். எனக்கு வார்த்தை வரவில்லை. அந்த இடத்தில் நான் தேர்வாகவில்லை. ஆனால் அடுத்த இரண்டு வாரம் அந்த அலுவலகத்திலிருந்து சித்திக்கு அழைப்பு போய்க்கொண்டே இருந்தது. வேலை எனக்கு இல்லை, எண்கள் அவர்களிடம். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

அதனால் இரண்டாவது இடத்தில் நேர் எதிராக நடந்துகொண்டேன். பட்டியல் கேட்டதும், "தெரிந்தவர்களிடம் விற்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். எதிரில் இருந்த அம்மா கோபப்படவில்லை. "உங்கள் வீட்டாருக்கு நல்லது என்று தோன்றாத ஒன்றை முன்பின் தெரியாதவருக்கு எப்படி விற்பீர்கள்?" என்று கேட்டார். பதில் இல்லை. ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தேன். அது நியாயமான கேள்வி. வீடு வந்து சேரும்வரை அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது இடத்துக்குப் பட்டியலை நானே எழுதிக்கொண்டு போனேன். 42 பேர். கூடப் படித்து இப்போதுதான் முதல் சம்பளம் வாங்குபவர்கள் 16, நான் டியூஷன் எடுத்த பிள்ளைகளின் பெற்றோர் 9, அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் 17. ஒவ்வொருவருக்கும் எதிரே அவருக்கு என்ன தேவைப்படலாம் என்று ஒரு வரி. முழுப் பெயர் இல்லை, முதலெழுத்து மட்டும். போன் எண் ஒன்றுகூட இல்லை. "வேலையில் சேர்ந்த பிறகு அவர்களிடம் கேட்டுவிட்டு எண்ணைத் தருகிறேன்" என்றேன்.

மேனேஜர் அதை நிதானமாகப் படித்தார். "இவரை ஏன் கடைசியில் போட்டிருக்கிறீர்கள்?" என்றார். அவருக்கு வட்டிக் கடன் இருக்கிறது, முதலீட்டுக்கு முன்னால் அதை அடைப்பதுதான் அவருக்கு நல்லது, இப்போதைக்கு டெர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் இன்சூரன்ஸ்) பற்றி மட்டும் பேசலாம் என்றேன். மீதி நேரம் முழுக்க அந்தத் தாளைச் சுற்றியே பேச்சு போனது. என்னைப் போல் சரளமாகப் பேச வராதவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பேச்சுத் திறமை உள்ளவர்கள் வேறு மாதிரி ஜெயிக்கலாம்.

மற்ற கேள்விகள், சுருக்கமாக:

- பேனாவை விற்றுக் காட்டச் சொன்னால் பேனாவைப் புகழாதீர்கள். கடைசியாக எப்போது, எதற்காக எழுதினார் என்று கேளுங்கள்.
- டார்கெட் பற்றிக் கேட்டால் கணக்காகச் சொல்லுங்கள். 100 அழைப்புக்கு 10 சந்திப்பு, 3 விற்பனை என்று வைத்துக்கொண்டால், மாதம் 6 விற்க 200 அழைப்பு. 20 வேலை நாளுக்கு நாளொன்றுக்கு 10.
- "யோசித்துச் சொல்கிறேன்" என்று வாடிக்கையாளராக நடித்தால், எதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனம் கஷ்டமாக இருக்கும். தாங்கிக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் கேட்க வேண்டியவை. முதல் இடத்தில் நான் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

கிளாபேக் எத்தனை மாதம்? பாலிசி எடுத்தவர் ஏழாவது மாதம் பிரீமியம் கட்டுவதை நிறுத்தினால், உங்களுக்கு முன்னமே கொடுத்த கமிஷனைத் திரும்பப் பிடிப்பார்கள். செலவழித்த பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். காலத்தைத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மாதாமாதம் தரும் அட்வான்ஸ் பிற்காலக் கமிஷனில் கழிக்கப்படுமா? கழிக்கப்படும் என்றால் அது சம்பளம் இல்லை, கடன்.

கமிஷன் மொத்தமாகவா, டிரெயிலா? ஆயுள் இன்சூரன்ஸில் பெரும்பாலும் முதல் வருடக் கமிஷன் பெரிது, பிறகு சிறிது. டிரெயில் அப்படி இல்லை. போட்ட பணம் ஃபண்டில் இருக்கும்வரை சிறு சதவீதம் வந்துகொண்டிருக்கும், ஆரம்ப மாதங்களில் கைக்கு மிகக் கொஞ்சம்தான் வரும். விதிகளும் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் பங்குச் சந்தையையும் ஃபண்டுகளையும் கண்காணிக்கும் அமைப்பான செபி 2018-இல் மியூச்சுவல் ஃபண்டுகளை முன்கூட்டித் தரும் கமிஷனிலிருந்து டிரெயில் முறைக்கு மாற்றியது. பிரிட்டனில் 2012 டிசம்பர் 31 முதல், தனிநபருக்கு முதலீட்டு ஆலோசனை சொல்பவர் ஃபண்ட் நிறுவனத்திடம் கமிஷன் வாங்க முடியாது, வாடிக்கையாளரிடம்தான் கட்டணம் வாங்க வேண்டும். எந்தப் பொருளை விற்கப் போகிறீர்களோ அதற்கு உங்கள் நாட்டு விதி என்ன என்று பார்த்துவிட்டுப் போனால், முதல் ஆறு மாதம் எப்படி ஓட்டுவது என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம்.

இன்னும் சில:

- உரிமத் தேர்வுக் கட்டணம் யார் கட்டுவது? தேர்வுக் கட்டணம் நாம் கட்டுவது பல இடங்களில் உண்டு. சேர்வதற்கே பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.
- நான் விலகினால் என் வாடிக்கையாளர்களின் புதுப்பிப்புக் கமிஷன் யாருக்கு?
- போன முறை சேர்ந்த இன்டர்ன்களில் ஒரு வருடம் தாண்டியவர்கள் எத்தனை பேர்? எண்ணாகப் பதில் வருகிறதா, நிறைய சம்பாதித்த ஒரே ஒருவருடைய கதையாக வருகிறதா என்று கவனியுங்கள். மூன்றாவது இடத்தில் எண் சொன்னார்கள். குறைவான எண்தான். மறைக்காமல் சொன்னதால் எனக்கு நம்பிக்கை வந்தது.

அடுத்த திங்கள் சேர்கிறேன். சித்தியிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அந்த 42-இல் அவர் இல்லை. மற்றவர்களில் 11 பேரிடம் அனுமதி கேட்டாயிற்று, நான்கு பேர் வேண்டாம் என்றார்கள், அவர்கள் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். மீதி 31 பேருக்கு இன்று மாலையிலிருந்து போன் போட வேண்டும்.